அளவெல்லாம் இரண்டு பேருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸப்பில் இவ்வளவு நீளமாக அனுப்பினால் நீ பாதியிலேயே கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் பார்சலுக்குள் வைக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. முன்வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை.

டெல்லியில் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். இங்கே கத்திரி மே 4-தான் தொடங்குகிறது, அதற்குள் மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஆனால் நம் ஊரில் வியர்த்து ஊற்றும், உடம்பில் தண்ணீர் இறங்குகிறது என்று நமக்கே தெரியும். அங்கே அடிக்கிற லூ என்கிற அனல்காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுமாம். அதனால் தாகம் எடுக்கவில்லை என்று சும்மா உட்கார்ந்திருக்காதே. தண்ணீர் குடி. ஒரு மண்பானை வாங்கி வை. பானையில் கசிகிற தண்ணீர் காற்றில் காயக் காயத்தான் உள்ளே குளிரும், அந்த வறண்ட காற்றுக்கு இங்கே குளிர்வதைவிட அங்கே நன்றாகவே குளிரும். இரண்டு பேருக்கு நடுத்தரப் பானை போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ ஃப்ரிட்ஜைத் திறந்தாய். நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சாஸ் பாட்டில், ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். முட்டை வைக்கிற இடத்தில் பேட்டரி கிடக்கிறது. மீனா இருக்கிற வீட்டில் தயிர் இல்லாமல் நான் பார்த்ததில்லை. சரி, அன்றைக்குத் தீர்ந்துபோயிருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தயிர் வாங்கு. நீர்மோருக்கு ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், கொஞ்சம் புளித்த தயிர் என்றால் நான்கு பங்குகூடத் தாங்கும். இஞ்சி ஒரு சின்னத் துண்டு, பாதிப் பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கிப் போடு, மிக்ஸியில் அரைத்துவிடாதே, கசந்துபோகும். ஒரு சிட்டிகை பெருங்காயம். இதற்கு அடுப்பே வேண்டாம், ஐந்து நிமிஷ வேலை. ஆபீஸுக்கு ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போ. அந்தக் கலர் கலரான குளிர்பானம் எதுவும் வேண்டாம், குடிக்கும்போது சில்லென்று இருக்கும், அதில் இருப்பது சீனிதான்.

பானகத்துக்குக் கருப்பட்டி வைத்திருக்கிறேன். உடன்குடியிலிருந்து அப்பாவே போய் வாங்கி வந்தது, கடையில் விற்பதில் பாதி சீனி கலந்தது என்று இன்னும் புலம்புகிறார். எலுமிச்சம்பழ அளவு கருப்பட்டியை நுணுக்கி இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுவிடு, தானாகக் கரையும், சுட வைக்க வேண்டாம். கரைந்ததும் கட்டாயம் வடிகட்டு, அடியில் மண் நிற்கும். சுக்குப்பொடி கால் டீஸ்பூன், ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு ஒரு துளி. உப்பை விட்டுவிடாதே. கொடைக்கு நம் கோயிலில் கரைப்பது போலப் புளி வேண்டுமென்றால் எலுமிச்சைக்குப் பதில் கொஞ்சம் புளித்தண்ணீர் விடு. உனக்கு அதுதான் பிடிக்கும், மீனாவுக்கு எலுமிச்சை. இரண்டு விதமாகவும் கரைத்துக்கொள்ளலாம், அதிலென்ன சண்டை.

நன்னாரி சர்பத் பாட்டிலாக அனுப்பினால் பார்சலில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், அதனால் வேராகவே அனுப்புகிறேன். ஒரு பிடி வேரை மண் போகக் கழுவி அம்மியில் தட்டு. அம்மிக்கு எங்கே போவாய், சப்பாத்திக் கட்டையால் தட்டு. நடுவில் குச்சி போல வெள்ளையாக ஒன்று வரும், அதை எடுத்துப் போட்டுவிடு, வாசமெல்லாம் தோலில்தான். இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் வேரைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊறட்டும். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் சமையலறையோடு போய்விடும். காலையில் வடிகட்டி, அதே டம்ளரால் இரண்டு டம்ளர் சீனி போட்டு, விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் வரை காய்ச்சு. கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் சீனி பூத்துப்போகாது. ஆறினதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை. குடிக்கிறபோது இரண்டு ஸ்பூன், பாதி எலுமிச்சம்பழம், குளிர்ந்த தண்ணீர், ஊறின சப்ஜா விதை. சப்ஜா கால்மணி நேரத்தில் ஊறிவிடும், பாதாம் பிசினைத்தான் முந்தின ராத்திரியே போட வேண்டும், அதுவும் சுண்டுவிரல் நக அளவுக்கு ஒன்றிரண்டு துண்டு. போன தடவை நீ கையளவு போட்டுவிட்டுப் பாத்திரம் நிறைந்து வழிகிறது என்று போன் பண்ணினாய், பின்னால் மீனா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போது கூப்பிட்டால் அவள் குளிக்கிறாள் என்கிறாய், இல்லாவிட்டால் தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள். இந்த வெயிலுக்கு எத்தனை தடவை குளித்தாலும் நல்லதுதான். அவளுக்கு நான் அனுப்புகிற செய்திக்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. வேலை அதிகமாக இருக்கும். நீயும் பேசினால் மூன்று வார்த்தை, “ம்”, “சரிம்மா”, “வைக்கட்டா”. அப்பா மாதிரியே. ஊரில் எல்லோரும் உன் மகனைப் போலப் பொறுமைசாலி உண்டா என்கிறார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பொறுமை என்ன என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் நீ கத்த மாட்டாய், பேசாமல் இருந்துவிடுவாய், மாதக்கணக்கில் இருப்பாய். பெரியத்தை வீட்டு விஷயத்தில் பார்த்தோமே. நான் எதையும் மனதில் வைத்து எழுதவில்லை, பானகம் பற்றி எழுத வந்தேன், பேச்சு எங்கேயோ போகிறது. தண்ணீர் குடி.

நான் அங்கே வந்திருந்தபோது மீனா ஆம் பன்னா செய்து கொடுத்தாளே, அது உனக்குச் செய்யத் தெரியுமா? மாங்காயைத் தோலோடு அடுப்புத் தீயில் சுட்டு, தோல் கருகினதும் உரித்து, சதையை மசித்துச் சீனி, புதினா, வறுத்த சீரகப்பொடி, கறுப்பு உப்பு போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கறுப்பு உப்பைத் திறந்ததும் முட்டை அழுகின மாதிரி என்ன வாடை இது என்று சொன்னேன். அவள் முகம் மாறவே இல்லை, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். அந்த வெயிலுக்கு அதுதான் மருந்து, நம் பானகம்கூட இரண்டாவதுதான். இதை அவளிடம் நான் சொன்னதில்லை, நீ சொல். அவளிடம் கேட்டு இன்னொரு தடவை செய்யச் சொல், அல்லது நீ செய்து அவளுக்குக் கொடு. நீ செய்து கொடுத்தால் குறைந்து ஒன்றும் போய்விடாது.

கொறிக்க, பொரிகடலை மாவு உருண்டை வைத்திருக்கிறேன். தீர்ந்தால் நீயே பிடிக்கலாம். பொரிகடலை ஒரு டம்ளர் பொடித்து, பொடித்த சீனி முக்கால் டம்ளர், ஏலக்காய், நெய் கால் டம்ளருக்குக் குறையாமல் நன்றாகச் சுட வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடாக இருக்கும்போதே பிடி. அடுப்பில் நிற்கிற வேலை நெய் உருக்குகிற நேரம் மட்டும்தான். பாசிப்பருப்பை அரைமணி நேரமாவது ஊறவைத்து வடித்து, மாங்காய், தேங்காய்ப்பூ, கடுகு தாளித்துப் போட்டால் அதுவே ஒரு வேளைக்கு ஆகும். ராத்திரி ஒன்றுமே இறங்கவில்லை என்றால் தயிர் சாதமாவது சாப்பிடு. சாப்பிடாமல் படுக்காதே. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் சீனி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, உப்பு கூடிவிடக் கூடாது. நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போ, தானாகச் சரியாகும் என்று கிடக்காதே. பக்கத்தில் ஆள் இருந்தால் பார்த்துக்கொள்வார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஜவ்வரிசி வத்தல் இந்த வருஷம் வெள்ளையாக வந்திருக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியில்தான் ஊற்றினேன். நன்றாகக் காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தேன், ஒன்றுகூடக் கிழியவில்லை. காய்ந்தால் உப்பு தூக்கலாகிவிடும் என்று கூழில் குறைத்தே போட்டேன், அதனால் வெறுமனே கொறிக்கிறபோது சப்பென்று இருக்கிறது என்று சொல்லாதே, மோர் சாதத்துக்குச் சரியாக இருக்கும். மோர் மிளகாய் தனிப் பொட்டலம். அதைப் பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை.

எல்லா அளவும் இரண்டு பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன். வத்தலும் இரண்டு பேருக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை பார்சல் போடுகிறேன், அதற்குள் ஒரு தடவை நீயாகக் கூப்பிடு. குறைத்து வை என்றால் குறைத்து வைக்கிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன், அப்பாவிடமும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். உன் வாயால் நீ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: பார்சலில் இரண்டு போன் நம்பர் எழுதச் சொல்கிறார்கள். ஒன்று உன்னுடையது. இன்னொன்று மீனாவின் நம்பரையே எழுதலாமா?