மறதி என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலி வீதியில் வருடக்கணக்காக ஒரே பஸ்ஸில் போய் வந்த எங்கள் அம்மம்மா, ஒருநாள் வெள்ளவத்தையில் இறங்காமல் தெஹிவளை வரை போய், வீட்டுக்கு வழி தெரியாமல் அழுதபடி நின்றார். அதற்கு முன்பே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவதும் கதைத்ததையே திரும்பக் கதைப்பதுமாக இருந்தவரை, வயது போனால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிறகு கிளினிக்கில் ஞாபகசக்தியைச் சோதிக்கக் கேட்ட கேள்விகள் எல்லாம் சிங்களத்தில். பதில் வராதது மறதியாலா, மொழியாலா?

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.க்கு மொழி தேவையில்லை. ஜேர்மன் வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனிதரிடம் முதலில் பதிந்த பழைய முறைதான். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மூளையைப் படம்பிடிக்கும் பெட் (PET) ஸ்கானைவிடச் செலவும் குறைவு. ஞாபகசக்தியைப் பறிக்கும் அல்சைமர் நோயில் இந்த அலைகள் மெல்ல வேகம் குறைகின்றன, கண்ணுக்குத் தப்பும் அந்த மாற்றத்தைச் செயற்கை நுண்ணறிவால் முன்கூட்டியே பிடிக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். சரி, தூக்கக் குறைவும் சில மருந்துகளும்கூட அலைகளை மாற்றும், ஆகவே கடைசி முடிவு நரம்பியல் வைத்தியருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 12 வீதம். வெளிநாட்டவரின் மூளை அலைப் பதிவுகளில் மட்டும் பழகிய செயற்கை நுண்ணறிவுக் கருவியை இறக்குமதி செய்யாமல், எங்கள் முதியவர்களின் பதிவுகளையும் அவர்களுடைய சம்மதத்தோடு சேர்த்து, எங்கள் பல்கலைக்கழகங்களே இதைச் செய்து பார்க்கட்டும். அதுவரை கிளினிக்குகளில் தமிழில் கேட்க ஒருவரையாவது வையுங்கள்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06