எந்தப் பாய், எந்த வேலை

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. வெள்ளாமை வெட்டு முடிந்தது அறிந்து சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். கச்சான் காற்றுத்தான் ஆளை வாட்டுது.

தியானத்தில், மனதை ஒன்றில் நிறுத்தி அமைதியாக்கும் சமதம் முதலா, நடப்பதை உள்ளபடி ஆராய்ந்து பார்க்கும் விபஸ்ஸனா முதலா என்று கேட்டிருந்தாய். பௌத்த சூத்திரத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில், புத்தரின் சீடர் ஆனந்த தேரர் சொன்ன பதில் இருக்கிறது: சமதம் முன்னே போகலாம், விபஸ்ஸனா முன்னே போகலாம், இரண்டும் நுகத்தில் பூட்டிய சோடி மாடு போலவும் போகலாம். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பத்து நிமிஷம் சும்மா இருக்க ஏலாத உனக்கு மூச்சை எண்ணும் சமதம்தான் தொடக்கம்.

5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் எழுதப்பட்ட விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல் இதற்கு அளவே சொல்கிறது. 1 முதல் 5 வரை, அடுத்து 1 முதல் 6 வரை, இப்படியே 10 வரை ஏறு. ஐந்துக்குள் நிறுத்தினால் ஒடுங்கிய பட்டியில் அடைத்த மாடு போல மனம் முட்டும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேகம் நெல் அளப்பவனின் வேகம். மரைக்காலைக் கொட்டி "ஒண்டு" என்பவன், அடுத்ததை நிரப்பிக் குப்பை பொறுக்கி முடியும்வரை "ஒண்டு, ஒண்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்ணாமலே மனம் நின்றால் எண்ணிக்கையை விட்டுவிடு. மூச்சோடு உள்ளே ஓடாதே. மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ, காற்றுப் படும் இடத்தில் நில்.

பலர் வழுக்குவது தூக்கத்தில். மந்தமாகக் கிடப்பதைச் சமாதி என்று நம்பிவிடுவார்கள். கடைசி மூச்சு நீளமா கட்டையா என்று உன்னையே கேள். தெரியாவிட்டால் அது தூக்கம்தான். தன் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன மருந்து: காதை இழு, கைகாலைத் தேய், எழும்பி முகம் கழுவி நட்சத்திரங்களைப் பார், நட. மந்தமான மனதை மேலும் அமைதியாக்கப் பார்ப்பது, சிறு நெருப்பின் மேல் ஈரப் புல்லைப் போடுவது மாதிரி. அந்த நேரம் ஆராய்கிற பக்கம், விபஸ்ஸனா பக்கம் திரும்பு. வாவியில் காற்றடிக்கிற மாதிரி மனம் அலைந்தால் மறுபடி எண்ணிக்கை.

விபஸ்ஸனாவுக்கு பர்மியப் பிக்கு மகாசி சயாடோவின் முறை உனக்குச் சரிவரும்: வயிறு எழும்புவதை "எழும்புது" என்றும் தாழ்வதைத் "தாழுது" என்றும் மெதுவாகக் குறித்துக்கொள். வலி வந்தால் "வலி", யோசனை ஓடினால் "யோசனை". இங்கே கெடுவது ஒன்று: பேர் சொல்வது மந்திரம் மாதிரி தனியே ஓடும், வயிறு வேறெங்கோ இருக்கும். பேருக்குச் சிறு பங்கு போதும், கவனம் முழுக்க வயிற்றில். விபஸ்ஸனா ஆசிரியர் கோயங்காவின் வகுப்பிலும் பத்து நாளில் முதல் மூன்றரை நாள் மூச்சுத்தான், பிறகுதான் உடல் உணர்ச்சி.

ஒரு விசயத்தில் மட்டும் கவனம். மூடிய கண்ணுக்குள் ஒளி தெரியலாம். சமதத்தில் அது நிமித்தமாக, அதாவது மனம் ஒன்றியதன் அடையாளமாக, நிலைத்தால் பேண வேண்டியது. பயிர்க் கதிரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள். விபஸ்ஸனாவில் அதே ஒளி பத்து உபக்கிலேசங்களில், அதாவது வழிதவற வைக்கும் மாசுகளில், முதலாவது. "தெரியுது" என்று குறித்து விட்டுவிட வேண்டியது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒளியைக் கண்டதும் ஞானம் வந்ததாக நினைத்துவிடுவார்கள். அதனால் பாயில் குந்துமுன்னமே, இண்டைக்கு எந்த வேலை என்று முடிவெடு.

பன்பாயை நாலாக மடித்து, பின்பக்கம் தலகணி வை. முழங்கால் தரையில் முட்டும். முட்டாவிட்டால் கதிரையே போதும். நுளம்புவலை கட்ட மறவாதே.

அன்புடன்,
உன் மச்சான்