நேற்று நடந்ததற்கு 'மூன்று மாதம் பொறுங்கள்' பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. பயத்தோடு கேட்பவர்களுக்கு மருத்துவக் கேள்வி-பதில் பகுதிகளில் வழக்கமாகக் கிடைப்பது, 'மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுங்கள்' என்ற ஒரே வரி. போன மாதம் நடந்ததென்றால் அது போதும். நேற்று நடந்ததென்றால் அந்த வரியே கெடுதல்.

தொற்றைத் தடுக்கும் 'பெப்' மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த 72 மணியும் கடைசிக் கெடுதான். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை இன்று பரவலாகத் தரப்படுகிறது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்யும் பிழை. அல்சருக்கான ஆன்டாசிட், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிர் உடலில் சேருவதைக் கெடுக்கும். இவற்றை எடுப்பவர்கள் இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கும்போதே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான சோதனையும் தேவை. முதல் இரண்டு மருந்துகளும் அந்தக் கிருமியையும் அடக்கி வைப்பதால், ஏற்கெனவே அது இருப்பவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம்.

அடுத்து, டெஸ்டை நம்பலாமா என்ற கேள்வி. தவறுவது பெரும்பாலும் கருவியல்ல, தேதி. கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை, பி24 ஆன்டிஜென் என்ற கிருமியின் புரதத்தையும், அதை எதிர்த்து நம் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்தே தேடுகிறது. 18 முதல் 45 நாளுக்குள் தொற்று அதில் பிடிபட்டுவிடும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் ரேபிட் டெஸ்டுக்கும், ஈறில் துடைத்துப் பார்க்கும் கிட்டுக்கும் 90 நாள் வேண்டும். ஆகவே 20-ஆம் நாளில் 'நான்-ரியாக்டிவ்' (தொற்று தென்படவில்லை) என்று வந்த தாள் பாதிச் செய்திதான். நான்காம் தலைமுறை ஆய்வக முடிவு 45 நாள் தாண்டி அப்படி வந்தால் அதோடு விட்டுவிடலாம். ஆறாவது ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம். பெப் சாப்பிட்டவர்கள் மட்டும் கடைசி மாத்திரைக்குப் பிறகுதான் நாள் எண்ண வேண்டும்.

முதல் சோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்தாலும் அது தீர்ப்பல்ல. வேறு கிட்களில் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் ஆய்வகங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பை வைத்துக் கணக்குப் போடுவது வீண். தொற்றின் 2 முதல் 4 வாரத்தில் இவை வருவதுண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதேதான் வரும். எதுவுமே வராமலும் தொற்று இருக்கலாம். முத்தத்தில், எச்சிலில் பரவாது. தொற்றுள்ள துணை ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே இருந்துவந்தால் உடலுறவிலும் பரவாது.

எனவே இனி இத்தகைய கடிதங்களுக்குப் பதில் அச்சிடும்போது, 'எத்தனை மணி நேரம் ஆயிற்று?' என்பதை முதல் கேள்வியாக வைக்க வேண்டுகிறோம். கடிதம் அச்சேறுவதற்குள் 72 மணி கடந்துவிடும் என்பதால், பெப் பற்றிய இரண்டு வரியை அந்தப் பகுதியின் தலைப்பிலேயே நிரந்தரமாக வைத்தாலும் சரி.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. ஆலோசனைப் பணியில் உள்ள வாசகர்கள்