எல்கோவுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள், உத்தரவாதத்தைக் கூட்டாதீர்கள்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்
2025 நவம்பர் 20

மதிப்புக்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பத்து ஆட்டம், பத்து வெற்றி. 1992-க்குப் பிறகு நம் அமெரிக்கக் கால்பந்து அணி இப்படி நின்றதில்லை. நோட்டர் டேமை அவர்கள் ஊரிலேயே 41-40 என வென்றோம். எல்எஸ்யு எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை அவர்கள் மைதானத்தில் 49-25 என்று சாய்த்தோம். போன சனிக்கிழமை சவுத் கரோலினாவிடம் 30-3 எனப் பின்தங்கி இடைவேளைக்குப் போன பையன்கள், திரும்பி வந்து 31-30 என முடித்தார்கள். கைல் ஃபீல்டில் அமர்ந்திருந்த லட்சம் பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. அதை ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் அறிவார்கள்.

அதே வார இறுதியில் இன்னொரு செய்தியும் வந்தது. தலைமைப் பயிற்சியாளர் மைக் எல்கோவுக்கு ஆறு ஆண்டுக்குப் புதிய ஒப்பந்தம். ஆண்டுக்குச் சராசரி 1.1 கோடி டாலருக்கு மேல். சம்பளத்தைப் பற்றி எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. 2023 இறுதியில் டியூக்கிலிருந்து வந்தபோது ஆறு ஆண்டுக்கு 4.2 கோடி, அதாவது ஆண்டுக்கு 70 லட்சம் என்று பேசினீர்கள். இன்றைய சந்தையில் அந்தத் தொகை குறைவு. உழைத்தவருக்குக் கூலியை உயர்த்துவது முறை. தாராளமாக உயர்த்துங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இடையில் வேலையை விட்டு அனுப்பினாலும் மீதி ஆண்டுகளுக்குக் கொடுத்தே தீர வேண்டிய பணம்தான் உத்தரவாதம். சம்பளத்தைக் கூட்டுங்கள், உத்தரவாதத்தைக் கூட்டாதீர்கள்.

இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி, ஒரே கையெழுத்தில் முடிப்பது பயிற்சியாளர்களின் முகவர்களுக்குப் பிடித்த வேலை. செய்தி "சம்பள உயர்வு" என்றுதான் வரும். வினை இருப்பது ஆண்டுக் கணக்கில். அதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டில் அதற்கு அதிக விலை கொடுத்துப் படித்தவர்கள் நீங்கள்தான்.

ஆனாலும் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். 2017 டிசம்பரில், எல்கோவுக்கு முன்பிருந்த பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பத்து ஆண்டுக்கு 7.5 கோடி டாலருக்கு அழைத்து வந்தீர்கள். முழுத் தொகைக்கும் உத்தரவாதம். 2020 பருவத்தில் அணி 9-1, அதாவது ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி என முடித்தது. பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு கிண்ணப் போட்டியையும் வென்றது. உடனே 2021 செப்டம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே, சம்பளம் 75 லட்சத்திலிருந்து 90 லட்சமாக உயர்ந்தது. கூடவே ஒப்பந்தம் 2027-லிருந்து 2031 வரை நீண்டது. அதற்குப் பின் வந்தவை 8-4, 5-7, 6-4. 2023 நவம்பரில் அவரை அனுப்பியபோது, ஒப்பந்தத்தை முறித்ததற்காகக் கொடுக்க வேண்டி வந்த முறிவுத் தொகை சுமார் 7.6 கோடி டாலர்.

இந்த 7.6 கோடியைச் சொல்லி ஊரே சிரித்தது. சிரித்தவர்களும் கவனிக்காதது ஒன்று உண்டு. 2021-ல் அந்த நீட்டிப்பு இல்லாதிருந்தால், பழைய ஒப்பந்தப்படி 2024 முதல் 2027 வரை நான்கு ஆண்டுதான் பாக்கி. நான்கு பெருக்கல் 75 லட்சம், 3 கோடி. மீதி 4.6 கோடியும் அந்த ஒரு கையெழுத்தின் விலை. சம்பளத்தை மட்டும் 90 லட்சமாக்கி, ஆண்டைத் தொடாமல் விட்டிருந்தால்கூட 3.6 கோடியோடு போயிருக்கும். உயர்வு வைத்த செலவு 60 லட்சம்தான், பெருஞ்செலவு வைத்தது நீட்டிப்பு.

அந்தப் பணம் போகும் விதத்தையும் பாருங்கள். அறுபது நாளுக்குள் சுமார் 1.9 கோடி. பிறகு 2031 வரை ஆண்டுதோறும் சுமார் 72 லட்சம். நாள் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 19,700 டாலர். சனி, ஞாயிறு, நன்றி அறிதல் நாள், கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்த்துத்தான். டெக்சாஸ்வாசியான இளநிலை மாணவர் ஒருவரின் ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 13,000 டாலர். அப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களின் கட்டணம், இங்கே வேலை செய்யாத ஒருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் போகிறது. ஃபிஷர் மீது பழி இல்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அவர் வேறு வேலையில் சேர்ந்து சம்பாதித்தாலும் நம் காசோலையில் ஒரு காசு குறையாது. கழிவு விதி என்ற ஒன்று அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

"கல்விப் பணத்தைத் தொடமாட்டோம்" என்றது பல்கலைக்கழகம். முதல் தவணை, நம் விளையாட்டுக்கு நன்கொடை திரட்டும் ட்வெல்த் மேன் அறக்கட்டளையின் நன்கொடையிலிருந்து, மீதி விளையாட்டுத் துறையின் வருவாயிலிருந்து என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. நல்லது. ஆனால் இந்த ஜூலை முதல் அந்த வருவாய்க்குப் புதிய பங்காளிகள் வந்துவிட்டார்கள். கல்லூரி வீரர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத் தீர்ப்புப்படி, வீரர்களுக்கே ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த உச்சவரம்பு. பல பெரிய பல்கலைக்கழகங்கள் அதில் முக்கால் பங்கை, அதாவது சுமார் 1.5 கோடியை, கால்பந்துக்கு ஒதுக்குகின்றன. எல்கோவின் 1.1 கோடியையும் ஃபிஷரின் 72 லட்சத்தையும் கூட்டினால் 1.82 கோடி. களத்தில் அடிபடும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் மொத்தப் பங்கைவிட, இருக்கிற பயிற்சியாளரும் போன பயிற்சியாளரும் சேர்ந்து வாங்குவது அதிகமாகலாம்.

இனி நீட்டிப்புக்குச் சொல்லப்படும் காரணத்துக்கு வருவோம். பள்ளியிலிருந்து வரும் பையன், "நான் நாலு வருசம் படிக்கும்வரை நீங்கள் இருப்பீர்களா?" என்று கேட்பான்; ஒப்பந்தத்தில் எப்போதும் நான்கைந்து ஆண்டு பாக்கி இருந்தால்தான் ஆம் என்று சொல்ல முடியும் என்பார்கள். பத்தாண்டுக்கு முன் அந்த வாதத்துக்கு உயிர் இருந்தது. அப்போது இன்னொரு கல்லூரிக்கு மாறினால் ஒரு பருவம் வெளியே உட்கார வேண்டும். 2021-ல் ஒருமுறை மாறலாம் என்று விதி தளர்ந்தது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. நம் அணியையே பாருங்கள்: இவ்வாண்டு பந்தைப் பிடித்து ஓடும் கேசி கான்செப்சியன் போன ஆண்டு வடகரோலினா ஸ்டேட் வீரர், மரியோ கிரேவர் மிசிசிப்பி ஸ்டேட் வீரர். பையன்கள் ஆண்டுக்கு ஆண்டு கணக்குப் பார்க்கிறார்கள். ஆட்சிக்குழு மட்டும் ஆறாண்டுக்கு வாக்குக் கொடுப்பது யாருக்காக? போகட்டும், அந்தப் பழைய வாதத்தையே ஏற்றுக்கொண்டாலும், எல்கோவின் முதல் ஒப்பந்தத்தில் இந்தப் பருவத்துக்குப் பிறகும் நான்கு ஆண்டு பாக்கி இருக்கிறது. நான்காண்டுப் படிப்புக்கு நான்காண்டு போதாதா?

சந்தையில் ஆள் தட்டுப்பாடு என்பது அடுத்த காரணம். உண்மைதான். பென் ஸ்டேட், ஃபுளோரிடா, ஆபர்ன், ஆர்கன்சாஸ், எல்எஸ்யு எல்லாம் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை. எல்எஸ்யுவில் பிரையன் கெல்லியின் வேலை போனது, நம்மிடம் 49-25 எனத் தோற்ற மறுநாள். நாமே வென்று, நாமே ஒரு காலியிடத்தை உண்டாக்கி, அந்தக் காலியிடத்தைக் காட்டி நம் பயிற்சியாளரின் விலையை நாமே ஏற்றிக்கொண்டோம். கெல்லியைப் பத்தாண்டுக்கு 9.5 கோடிக்கு எல்எஸ்யுவுக்கு அழைத்து வந்த விளையாட்டு இயக்குநர் யார் என்றும் உங்களுக்குத் தெரியும். 2017-ல் ஃபிஷரை இங்கே அழைத்து வந்த அதே ஸ்காட் உட்வர்ட். கெல்லி போன சில நாளில் அவரும் போனார்.

2021-ல் எழுதப்பட்ட நான்கு பெரிய ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஃபிஷர், மிச்சிகன் ஸ்டேட்டில் மெல் டக்கர், பென் ஸ்டேட்டில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின், எல்எஸ்யுவில் கெல்லி. எல்லாமே பத்தாண்டு வாக்கு. நால்வரில் ஒருவர்கூட இன்று அந்த நாற்காலியில் இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நமது பூனை 2031 வரை சூட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டே அடுப்பில் ஏறிப் படுக்கிறது. ஆளுநர் நியமித்து ஆறாண்டுக்கு இருக்கும் உங்களில் பலர், இந்த ஒப்பந்தம் முடிகிற நாளில் ஆட்சிக்குழுவில் இருக்கப்போவதில்லை. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்றால் பேனா தாராளமாகத்தான் ஓடும்!

மன்னிக்க வேண்டும். குறை சொல்லிக்கொண்டே போனால் கேட்க வந்தது மறந்துவிடும்.

எல்கோ நல்ல பயிற்சியாளர். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில், மூன்றாவதில் எதிரணியை நிறுத்துவதில் அவரது தடுப்பணி நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்து வெற்றியில் இரண்டு, ஒரே புள்ளியில் வந்தவை. நோட்டர் டேமில் வென்றது, கடைசியான நான்காம் முயற்சியில், 13 வினாடி மிச்சமிருக்கையில் பிடித்த பந்தால். அந்த இரண்டு புள்ளியும் மாறி விழுந்திருந்தால் இன்று நாம் 8-2. பயிற்சியாளர் அதே ஆள், உழைப்பும் அதே உழைப்பு. போன சனிக்கிழமை இடைவேளையில், 30-3 என்ற பலகைக்கு அடியில், இந்தத் தாளை நீட்டியிருந்தால் எத்தனை பேர் பேனாவை எடுத்திருப்பீர்கள்? 2024-லும் 7-1 வரை வந்தோம். கடைசி ஐந்தில் நான்கைத் தோற்று 8-5 ஆனோம். அந்தத் தோல்விகளில் ஒன்று, சொந்த மண்ணில், நம் பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்திடம் 17-7. இந்த ஆண்டு டெக்சாஸ் ஆட்டம் இன்னும் பாக்கி.

ஆகவே எழுதுகிற கையோடு சிலவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முதலில், கழிவு விதி. நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட முயல வேண்டும். கிடைக்கும் சம்பளம் நம் முறிவுத் தொகையில் கழிய வேண்டும். இதன் பலனை இந்த வாரமே பார்த்தோம். ஃபிராங்க்ளினுக்குப் பென் ஸ்டேட் தர வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி. அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். கணக்கு 90 லட்சத்தில் தீர்ந்தது. ஏறத்தாழ 4 கோடி மிச்சம். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. "பாக்கியைப் பழைய முதலாளி கட்டுவார்" என்று புதிய பல்கலைக்கழகம் பெயருக்கு ஒரு சிறு சம்பளம் போடும். சந்தை மதிப்புக்குக் குறையாத சம்பளமாகக் கருதியே கழிக்கப்படும் என்று ஒரு வரி எழுதினால் அந்த ஓட்டை அடைபடும். சம்பளத்தை முதல் இரண்டு ஆண்டு குறைத்து, பின்னாண்டுகளில் குவித்து வைக்கும் தந்திரத்துக்கும் அதே வரியில் பூட்டுப் போடலாம்.

அடுத்து, உத்தரவாத விகிதம் ஆண்டுதோறும் இறங்க வேண்டும். முதல் ஆண்டில் பாக்கியில் முக்கால், மூன்றாம் ஆண்டில் பாதி, புதிதாகச் சேர்க்கும் ஆண்டுகளுக்கு ஒன்றுமில்லை. அறுபது நாளில் மொத்தமாக என்ற பேச்சே வேண்டாம். மாதத் தவணை போதும். இத்தனை வெற்றி பெற்றால் தானாகவே ஓர் ஆண்டு கூடும் என்ற உட்பிரிவு இருந்தால் அடித்துவிடுங்கள். வெற்றிக்குப் பரிசு பணமாக இருக்கட்டும். பருவ இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் போட்டியில் சுற்றுக்குச் சுற்று ஊக்கத்தொகையை இரட்டிப்பாக்கினாலும் கேள்வி கேட்கமாட்டோம். அது வென்றால் மட்டும் வரும் செலவு. அவராக விலகினால் அவர் கட்டும் தொகையும், நாம் விலக்கினால் நாம் கட்டும் தொகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். யாருடைய விசுவாசத்துக்கு எவ்வளவு விலை என்று படிப்பவருக்குத் தெரியும்.

இன்னொன்று. முதலில் ஒன்றிரண்டு பக்கச் சுருக்கத் தாளில் கையெழுத்து, நீண்ட ஒப்பந்தம் பல மாதம் கழித்து என்பது இந்தத் தொழிலின் வழக்கம். சுருக்கத் தாளில் தொகையும் ஆண்டும் உறுதியாகிவிடும். கழிவு விதி பற்றிய பேரம் அதன்பிறகுதான் தொடங்கும். அப்போது உங்கள் கையில் பிடி இருக்காது. முறிவு விதிகளைச் சுருக்கத் தாளிலேயே எழுதுங்கள். முழு வாசகத்தையும் வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பு வெளியிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகம், எப்படியும் ஒரு நிருபர் தகவல் கோரி மனுப்போட்டு வாங்கத்தான் போகிறார்.

டிசம்பர் முதல் வாரத்தில், பள்ளியிலிருந்து வரும் புதிய வீரர்கள் சேரக் கையெழுத்திடும் நாள், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று விளையாட்டு இயக்குநர் அவசரப்படுத்துவார். அவர் கவலையும் நியாயமே. சம்பள உயர்வை இன்றே அறிவியுங்கள். 2026 முதல் அமலாகட்டும். ஆண்டுகளைப் பற்றிய பேச்சைக் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். வெல்லும் அணியோடு, 1.1 கோடி சம்பளத்தோடு, நான்கு ஆண்டு பாக்கியோடு இருக்கும் ஒருவர் அந்த ஆறு வாரம் காத்திருக்க மாட்டார் என்றால், ஆறு ஆண்டு இருப்பார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

தயவுசெய்து, வாக்களிக்கும் முன் 2021-ன் அந்த ஒப்பந்தத்தை ஒருமுறை மேசைமேல் எடுத்து வையுங்கள். பக்கத்தில் புதியதை வையுங்கள். சம்பளத் தொகை எவ்வளவு வேண்டுமானாலும் மாறியிருக்கட்டும். முறிவு பற்றிய பக்கம் அதேபோல இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள். பயிற்சியாளருக்கு எங்கள் வாழ்த்தையும் சொல்லுங்கள். ஆஸ்டினில் டெக்சாஸை வென்று வரட்டும்.

பணிவன்புடன்,
மெரூன் சட்டை போடும் தமிழ் ரசிகர்கள்