ஐந்து மதிப்பெண் கேள்வியாகிவிட்ட மரங்கொத்தி
பொறியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உயிரினங்களிடமிருந்து கற்று வடிவமைப்பதைப் பொறியியல் பாடத்தில் சேர்ப்பது பற்றிப் பேசி வருகிறீர்கள். சிலர் சேர்த்தும் விட்டீர்கள். மகிழ்ச்சிதான். என் குறையெல்லாம் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றியது. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அதே வரிசை: நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயிலிருந்து வெல்க்ரோ என்ற ஒட்டிப் பிரியும் பட்டை, மீன்கொத்தியின் அலகிலிருந்து ஜப்பானின் அதிவேக ரயில், கரையான் புற்றிலிருந்து ஜிம்பாப்வேயின் ஹராரே நகரக் கட்டடம், மரங்கொத்தியிலிருந்து ஹெல்மெட். இடப்பக்கம் உயிரினத்தின் படம், வலப்பக்கம் பொருளின் படம். மாணவர்கள் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இவற்றில் சில கதைகளின் உயிரியல் பகுதி பின்னால் ஆட்டம் கண்டுவிட்டது. அது மட்டும் பாடத்துக்கு வந்து சேரவே இல்லை.

மரங்கொத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அலகுக்கும் மூளைக்கும் நடுவே பஞ்சு போன்ற எலும்பு இருக்கிறது, அதுதான் அடியின் அதிர்ச்சியை உறிஞ்சி மூளையைக் காக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2022இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வான் வாசன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேக கேமராவில் படம் பிடித்தார்கள். அலகு மரத்தில் மோதும்போது அலகின் வேகம் எப்படிக் குறைகிறது, கண்ணின் வேகம் எப்படிக் குறைகிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். கண் மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் உறிஞ்சும் ஏற்பாடு எதுவும் இருந்தால் கண் கொஞ்சம் மென்மையாக நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. அலகும் தலையும் விறைப்பான ஒரே சுத்தியலாக மோதுகின்றன. யோசித்தால் அதுதானே நியாயம்? மரத்தைத் துளைத்துப் பிழைக்கும் பறவை, தன் அடியின் பலத்தைத் தன் தலைக்குள்ளேயே தொலைத்துக்கொண்டால் எப்படிப் பிழைக்கும்?

அப்புறம் மூளை எப்படித் தப்புகிறது? அது மிகச் சிறியது என்பதால்தான். அதே அளவு திடீர் நிறுத்தத்தில் சிறிய மூளைக்குள் எழும் அழுத்தம் குறைவு. நம் மூளைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆக, மரங்கொத்தியைப் பார்த்து ஹெல்மெட் செய்கிறவர் பறவையிடம் இல்லாத ஒன்றை நகலெடுக்கிறார். ஹெல்மெட் நன்றாகவே உழைக்கலாம். அந்தப் பெருமை அதற்குள் இருக்கும் நுரைக்குப் போக வேண்டும்.

கார் கதையும் உண்டு. 2005இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் பவளப்பாறைகளில் வாழும், பெட்டி போன்ற உடல் கொண்ட ஒரு மீனைப் பார்த்து ஒரு மாதிரிக் காரைச் செய்தது. காரைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் காற்றிழுவைக் குணகம் 0.19; இது குறையக் குறைய நல்லது. அருமையான எண், அதில் சந்தேகமில்லை. பத்தாண்டு கழித்து, 2015இல், அதே வான் வாசன்பெர்க் பங்கேற்ற ஆய்வு அந்த மீனின் உடலைச் சுற்றி நீர் ஓடும் விதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தது. இழுவை அப்படி ஒன்றும் குறைவாக இல்லை. நீரோட்டம் மீனின் உடலை நேராக நிறுத்துவதற்குப் பதில் திருப்பிவிடப் பார்க்கிறது. பாறை இடுக்குகளில் சட்டென்று வளைந்து தப்ப வேண்டிய மீனுக்கு அது வரம். நெடுஞ்சாலையில் நேராகப் போக வேண்டிய காருக்கு?

"பொருள் வேலை செய்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். பதிலை ஹராரேயில் பார்க்கலாம். கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் மையம் 1996இல் திறக்கப்பட்டது. கரையான் புற்று உச்சியில் சூடான காற்றை வெளியேற்றி, அடியில் குளிர்ந்த காற்றை இழுத்து, கூட்டின் வெப்பத்தைச் சீராக வைக்கிறது என்ற நம்பிக்கைதான் அதற்குத் தூண்டுதல். ஆய்வாளர்கள் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் புற்றுகளை ஆராய்ந்து 2008இல் வேறு படத்தை வைத்தார்கள்: கூட்டின் வெப்பநிலை சுற்றியிருக்கும் மண்ணைத் தொடர்ந்தே ஏறி இறங்குகிறது; புற்றின் முக்கிய வேலை, காற்றின் ஏற்ற இறக்கத்தைப் பயன்படுத்தி நுரையீரல் போல மூச்சுவிடுவது. கட்டடம் என்னவோ குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கனமான கான்கிரீட் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள, இரவில் குளிர்ந்த காற்றைச் செலுத்தி அதை வெளியேற்றுகிறார்கள். உயரமான இடத்தில் இருக்கும் ஹராரேயில் இரவு நன்றாகக் குளிரும் என்பதால் இது நடக்கிறது. இரவிலும் புழுங்கும் ஊரில், புற்றை நம்பி அந்தக் கட்டடத்தில் இருப்பது போன்ற புகைபோக்கிகளைக் கட்டினால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். காரணம் தெரியாமல் பொருளை மட்டும் தெரிந்துகொண்ட மாணவர் அங்கேதான் போய் நிற்பார்.

இந்தத் துறையே வெறும் கதை என்று நான் சொல்லவரவில்லை. தாமரை இலை ஆய்வைப் பாருங்கள். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் எந்தப் பெயிண்டையும் தேடிப் போகவில்லை. தாவரங்களை வகைப்படுத்துவதற்காக இலைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வழவழப்பான இலைகளை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பானவை தாமே சுத்தமாக இருந்தன. நம் எதிர்பார்ப்புக்கு நேர் எதிர். இலையின் மேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அவற்றின் முனைகளில் மட்டும் நின்று, உருளும்போது தூசியை வாரிக்கொண்டு போகிறது. 1997இல் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் இதை விரிவாக வெளியிட்டார்கள். இதைப் பின்பற்றி 1999இல் தானே சுத்தமாகும் சுவர்ப் பெயிண்ட் வந்தது. இலை தேய்ந்த மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும், பெயிண்டால் அது முடியாது என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். பொறியாளருக்குரிய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கூனல் திமிங்கிலத்தின் துடுப்பும் நல்ல பாடம். அதன் முன்விளிம்பில் இருக்கும் புடைப்புகளைப் பார்த்து வியந்ததோடு நிறுத்தாமல், பிராங்க் ஃபிஷ் உள்ளிட்ட குழுவினர் புடைப்பு உள்ளதும் இல்லாததுமாக இரண்டு மாதிரிகள் செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, துடுப்பைச் சாய்த்துக்கொண்டே போனால் அது தூக்குவிசையை இழக்கும் கோணம், புடைப்புள்ள மாதிரியில் சுமார் 40 சதவீதம் தள்ளிப்போனது. ஒப்பிட இன்னொரு மாதிரி இருந்ததால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சரி, நான் கேட்பது என்ன? பாடத்தில் கரையானும் மரங்கொத்தியும் இருக்கட்டும், திருத்தப்பட்ட கதையோடு இருக்கட்டும். இந்த வகைச் செயல்திட்டங்களை மதிப்பிடும்போது உயிரியல் துறையிலிருந்து ஒருவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். "இந்த உயிரினம் இதைச் செய்கிறது என்று யார், எப்படி அளந்தார்கள்? நீங்கள் செய்யும் பொருளின் அளவிலும் அது நடக்குமா?" என்று அவர் கேட்கட்டும். உதாரணத்துக்கு, சுவரில் ஒட்டும் பல்லியின் பிடிப்பு பாதத்தின் பரப்பைப் பொறுத்தது. உடல் பெருக்கப் பெருக்க எடை பரப்பைவிட வேகமாக ஏறும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத மாணவருக்கு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், முழு மதிப்பெண் போடாதீர்கள்.

வினாத்தாளையும் மாற்ற வேண்டும். "உதாரணம் தந்து விளக்குக" என்று கேட்டது போதும். அதற்குப் பதில், ஓர் உயிரினத்தைப் பற்றிச் சொல்லப்படும் கூற்று ஒன்றைக் கொடுத்து, அது தவறாக இருந்தால் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையை வடிவமைக்கச் சொல்லுங்கள். திருத்துவது கடினம், நேரமும் பிடிக்கும். விடைக்குறிப்பு ஒன்றாக இருக்காது. மாதிரி வினாக்கள் வேண்டுமானால் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
இயந்திரப் பொறியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்