மோட்டார் சைக்கிளைப் பறிக்கிறீர்கள் சரி, பிரேக் பிடிக்க யார் சொல்லிக் கொடுப்பது?

வன்னியில் வீதிப் பாதுகாப்பைக் கவனிக்கிற பொலிஸ் அதிகாரிகளுக்கும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களில் இந்த விசயம் யாருடைய மேசைக்கு வருகிறதோ அவர்களுக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவன். பிறந்தது தலவாக்கலைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் சொந்தக்காரரில் கொஞ்சப் பேர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள், நான் வந்து சேர்ந்தது யுத்தம் முடிந்த பிறகு, இங்கே கலியாணம் கட்டி. அதற்கு முதல் இளவயதில் என்ன செய்தேன் என்று கேட்டால், தேயிலை லொறிகள் ஓய்ந்த பிறகு ஹட்டன் – நுவரெலியா வீதியில் ஹொண்டா சிடி 200 மோட்டார் சைக்கிள் ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தேன். அனுமதியும் இல்லை, பரிசும் இல்லை, முதலில் வந்தவனுக்கு நானுஓயாவில் ஒரு பிளேன்ரீ. நான் சொல்லாவிட்டாலும் ஊரில் யாராவது போட்டுக் கொடுப்பார்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். எப்போதோ விட்டாயிற்று. இப்போது என் முழங்காலுக்கு கிக்கர் உதைக்கவே மனமில்லை.

விசயத்துக்கு வருகிறேன். ஏ9 இலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் இரவில் பொடியள் ஓடுகிற ஓட்டம் உங்களுக்குத் தெரியும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் போல அவர்களும் மரியாதையாக நிற்பார்கள், செருப்பைக் கழற்றி, திருநீறு பூசி, ஒருவன் தேங்காயும் உடைப்பான். அப்புறம் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு முறுக்கினால் அடுத்த சந்தி வரைக்கும் கை தளராது. நீங்கள் மறிக்கிறீர்கள், தண்டம் எழுதுகிறீர்கள், சைலன்சரைக் கழற்றச் சொல்கிறீர்கள், சிலநேரம் சைக்கிளையே கொண்டுபோய் நிலையத்தில் வைக்கிறீர்கள். அது உங்கள் கடமை, அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தாய் சங்கிலியை அடகு வைத்து அதை மீட்டுக் கொடுத்த பிறகு, அதே பொடியன் அதே வீதியில் அதே பழக்கத்தோடுதான் ஓடப் போகிறான்.

அந்தப் பழக்கம் என்னவென்று என் கராஜில் வந்து பாருங்கள். பின் பிரேக் சூ தேய்ந்து இரும்பு தெரியும், டிரம்மில் கோடு விழுந்திருக்கும். முன் சில்லைப் பார்த்தால் பிரேக் பேட் கடையில் வாங்கியது போலவே இருக்கும், லீவரில் புழுதி. ஏன் தம்பி முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்று கேட்டால், "அது பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும் மாமா" என்கிறார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, கிட்டத்தட்ட வருகிற எல்லாரும். யாரோ ஒருவர் சின்ன வயதில் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான் போகிறது, பின் சில்லு காற்றில் இருப்பது மாதிரி இலேசாகிவிடும், அப்போது பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் ரயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். இதைச் சொல்லித்தர எங்கள் பக்கம் ஆளில்லை. லைசன்ஸ் சோதனையில் எட்டுப் போட்டு ஓடிக் காட்டினால் முடிந்தது.

மலையில் இதைச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. லிந்துலையிலிருந்து நானுஓயா ஏறுகிறபோது ஒரு வளைவு முடிய மற்றது வந்துவிடும், பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிறவனின் சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாது, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, முன் பிரேக்கை விரலால் மெல்ல மெல்ல இறுக்கி, பார்வையை வளைவின் முடிவில் வைக்காதவன் தேயிலைச் செடிக்குள் கிடப்பான். ஓர் இரவில் நூறு தடவை பிரேக் பிடித்துப் பழகினோம். இங்கே பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும் காப்பெட் வீதி நேராகக் கிடக்கிறது. பிரேக் தேவைப்படுவது எப்போதாவது ஒரு தடவை, பின் வெளிச்சம் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னால் நிற்கும்போதோ, கட்டாக்காலி மாடு குறுக்கே வரும்போதோ, வீதியோரம் காயப்போட்ட நெல்லில் சில்லு ஏறும்போதோ. அந்த ஒரு தடவை பழகிப் பார்க்க நேரம் இருக்காது.

இதனால்தான் பின்னேரங்களில் சில பொடியளைக் கூட்டிக்கொண்டு, கமக்காரர் அமைப்பிடம் கேட்டு, நெல் உலர்த்துகிற சீமெந்துத் தளம் ஒன்றில் பழக்கத் தொடங்கினேன். தண்ணிப் போத்தலுக்குள் மண் நிரப்பி வரிசையாக வைப்போம், அதற்குள் வளைந்து வளைந்து ஓட வேண்டும். ஜப்பானில் ஜிம்கானா என்று இதையே பெரிய விளையாட்டாக வைத்திருக்கிறார்கள், வேகம் பெரிதாக வராது, தார் போட்ட ஒரு முற்றம் காணும். பிறகு சோக்கால் ஒரு கோடு. 20 கிலோமீற்றர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னால் மூன்று மீற்றருக்குள் நிற்கும். 40 இல் வரச் சொல்லுங்கள், இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டு வருவான், நிற்பது பத்து மீற்றரில். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. 80 ஐ அங்கே ஓட விடமாட்டேன், கணக்கு மட்டும் போடுவோம்: நிற்பதற்கு நாற்பது மீற்றர், மூளை முழித்துக் கை லீவருக்குப் போகிற அந்த ஒரு செக்கனில் இன்னும் 22 மீற்றர். அறுபது மீற்றரை நான் தளத்துக்கு வெளியே நடந்து, பனையடி வரைக்கும் போய் நின்று காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பந்தயத்துக்கு ஆள் சேர்க்கிறேனாம்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. 2024 சித்திரையில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும். அதற்குப் பிறகு மோட்டார் விளையாட்டு என்ற பேரைக் கேட்டாலே கோப்பை மூடத்தான் தோன்றும். ஆனால் நான் கேட்பது ஓட்டப்போட்டி இல்லை. பார்க்க ஆள் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், பிரதம விருந்தினர் வந்து றிபன் வெட்டவும் வேண்டாம்.

வீதியில் ஓடினவன் என்பதால் சொல்லித்தரத் தகுதியில்லை என்று நினைத்தால், வெளியில் கொஞ்சம் பாருங்கள். ஜப்பானின் கார்ப் பந்தய ஓட்டுநர் கெய்ச்சி சுச்சியா உசுயி மலைக்கணவாயில் இரவில் ஓடிப் பழகியவர், மலைவீதியில் ஓடியது வீடியோவாக வெளிவந்து பந்தய உரிமம்கூட இடைநிறுத்தப்பட்டது. அதே மனுசன் 1995 இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்ற அணியில் இருந்தார், பிறகு டி1 என்ற டிரிஃப்ட் போட்டியை, அதாவது காரை வளைவில் வழுக்கவிட்டு ஓட்டுகிற போட்டியைத் தொடக்கி, நடுவராக உட்கார்ந்து இளைய ஓட்டுநர்களுக்குப் புள்ளி போட்டார். அமெரிக்காவில் வொலி பார்க்ஸ் 1951 இல் என்எச்ஆர்ஏ என்ற கார்ப் பந்தய அமைப்பைத் தொடங்கியது வீதியில் ஓடுகிற இளைஞரை வீதியை விட்டு எடுக்கத்தான். அவர்கள் 1953 இல் வைத்த முதல் ஓட்டம் கலிஃபோர்னியாவின் பொமோனாவில், கண்காட்சித் திடலின் வாகனத் தரிப்பிடத்தில். அங்கே பொலிஸும் பக்கத்தில் நின்றது. இதை வாசிக்கிற பொலிஸ் அதிகாரிகள் அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தால் சந்தோசம்.

நான் கேட்பது இவ்வளவுதான். காலபோக நெல் ஏற்றி முடிந்த பிறகு சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அந்தத் தளங்கள் சும்மா கிடக்கின்றன, ஆடு படுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு தளத்தை எழுத்தில் அனுமதி தந்து விடுங்கள். பிடிபட்ட பொடியனுக்குத் தண்டத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, தண்டத்தோடு சேர்த்து ஒரு காலை அங்கே வரச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வரட்டும், யூனிபோம் இல்லாமல் வந்தால் பொடியள் வாய் திறந்து கதைப்பார்கள். முதலுதவி தெரிந்த ஒருவரையும் அனுப்பினால் நல்லது. ஹெல்மெட் தலையில் இல்லாதவனை நானே திருப்பி அனுப்புவேன், கண்ணாடி கழற்றின சைக்கிளையும் உள்ளே விடமாட்டேன். சம்பளம் கேட்கவில்லை, பிரேக் பேட் மாற்றிக் கொடுப்பதற்குச் சாமான் காசு மட்டும் அவர்களிடம் வாங்குவேன்.

பெரிய பொறுப்பாகத் தெரிந்தால் ஒரு சீசனுக்கு மட்டும் தந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். மடல் கிடைத்தது என்று ஒரு வரி எழுதினாலும் காணும், மறுப்பதென்றால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள், பொடியளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.