குறும்பட நிதி, வழிகாட்டல்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இந்த வெயிலிலும் ஆரணியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. நம் சங்கத்துக்கு எல்லை இன்னும் பழைய வட ஆற்காடுதான். நான்கு மாவட்டங்களில் எங்கிருந்து கதை வந்தாலும் படித்துப் பார்க்கிறோம்.

இந்த ஆண்டு இளைஞர்கள் எடுக்கும் ஐந்து குறும்படங்களுக்குத் தலா 30,000 ரூபாய் ஒதுக்கினோம். நான்கு படங்கள் முடிந்துவிட்டன. செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞரைப் பற்றிய படம் பாதியில் நிற்கிறது. மீதிக் காட்சிகளைப் பாரதக் கூத்து நடக்கும் மாதங்களில்தான் எடுக்க முடியும் என்று இயக்குநர் கேட்டார். நியாயமான காரணம், அவகாசம் கொடுத்திருக்கிறோம்.

கதை தேர்வானதும் பாதிப் பணம், படப்பிடிப்பு முடிந்ததும் கால் பங்கு என்று கொடுத்தோம். கடைசிக் கால் பங்கை ஒலிக்கு மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்று விதி வைத்தோம். சில உறுப்பினர்கள் இதை ஆட்சேபித்தார்கள். இருப்பதே கொஞ்சம், அதிலும் கட்டுப்பாடு எதற்கு என்றார்கள். இந்த விதி ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது கையில் இருக்கும் போனிலேயே நல்ல படம் எடுக்கலாம். விண்ணப்பத்தோடு வரும் மாதிரிக் காட்சிகளில் ஒளிப்பதிவு பெரும்பாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. பேச்சுதான் காதில் விழுவதில்லை. ஃபேன் இரைச்சல், நெடுஞ்சாலை லாரி, பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றையும் மறைக்க மேலே ஓர் இசை. பட விழாத் தேர்வுக்குழுவில் இருப்பவர் முதல் நிமிடத்திலேயே அதைக் கவனித்துவிடுவார்.

உதாரணத்துக்கு, நம் நிதி பெற்ற குடியாத்தத்துப் பெண் ஒருவர், பீடி சுற்றும் தாயைப் பற்றிக் கதை எழுதியிருந்தார். வழிகாட்டியாக வந்தவர் சென்னையில் ஒலிப்பதிவு செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி காட்பாடிக்கு வந்துவிடுவார். முதல் அமர்வில் திரைக்கதையை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், “ஏம்மா, உங்க அம்மா வீட்டுல இப்படியா பேசுவாங்க?” என்று கேட்டார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது அம்மாவும் சித்தியும் பேசிக்கொண்டதைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்தார். வசனம் முழுவதும் மாறியது. அதுவரை எந்த ஊரிலும் நடக்கலாம் என்றிருந்த கதை, அதன் பிறகு குடியாத்தத்தில் மட்டுமே நடக்கக்கூடியதாகிவிட்டது.

படப்பிடிப்பு மே மாதத்தில். ஓட்டு வீடு, ஃபேனை நிறுத்தினால்தான் ஒலி எடுக்க முடியும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் தங்கை ஓடி வந்து அம்மாவுக்கு விசிறிவிட்டார். மடியில் முறம், முறத்தில் தூள், ஈரத்துணியில் சுற்றிய இலை. இலைமேல் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுகிறார் அம்மா; பேச்சு எங்கே போனாலும் கை நிற்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, யாரும் அசையாமல் அரை நிமிடம் நிற்கச் சொல்லி, வெறும் அறையின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்தார் அந்தப் பெண்; வழிகாட்டி முன்பே சொல்லிவைத்தது அது. எடிட்டிங்கில் வெட்டி ஒட்டும் இடங்கள் காதுக்குத் தெரியாமல் இருக்க அது வேண்டும்.

முதல் எடிட்டில் அந்தப் பெண் பியானோ இசை சேர்த்திருந்தார். ஹெட்போன் மாட்டி, இசையோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் கேட்க வைத்தார் வழிகாட்டி. வேறெதுவும் சொல்லவில்லை. இசையை எடுத்தது அந்தப் பெண்ணே எடுத்த முடிவு. கத்தரிச் சத்தம் மட்டும் படம் முழுக்க வருகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடுகிறது. 30,000 ரூபாய் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கியிருந்தால் இந்தப் படம் இப்படி வந்திருக்காது.

ஆகவே வழிகாட்டிக்கு நாம் வைத்திருக்கும் வரம்பும் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும்போது, படப்பிடிப்புக்கு முன், எடிட்டிங்கில் என்று மூன்று கட்டங்களில் உட்கார்ந்து பேசலாம், கேமராவைத் தொடக்கூடாது. படம் இளைஞருடையதாகவே இருக்க வேண்டும்.

அனுமதி விஷயங்கள் சில. அநேகமாக எல்லோருக்குமே கோட்டையில் ஒரு காட்சி எடுக்க ஆசை. வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தாமல் படப்பிடிப்பு நடத்த முடியாது. ரயில் நிலையத்துக்கும் ரயில்வேயின் அனுமதி வேண்டும். திருப்பத்தூர்க் குழு ஒன்று காளை விடும் விழாவை வைத்து எடுத்திருக்கிறது. நல்ல படம். ஆனால் நாளை தியேட்டரில் காட்டத் தணிக்கைச் சான்றிதழுக்குப் போனால், விலங்கு நல வாரியத்தின் சான்றும் கேட்பார்கள். இதையெல்லாம் கதை அமர்விலேயே பேசிவிடுவது நல்லது.

பாட்டு உரிமையும் அப்படித்தான். ஒரு படத்தில் திருவிழா ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு வசனத்தோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. மெட்டுக்கும் வரிகளுக்கும் எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு. பின்னணியில் கொஞ்சம்தானே கேட்கிறது என்று விட முடியாது. அந்தக் காட்சி முழுவதையும் டப்பிங் செய்தார்கள். ஒலிக்கு என்று ஒதுக்கிய கால் பங்கு அப்போது கைகொடுத்தது.

திரையிடல்களை ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் நடத்தினோம். வேலூரில் பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போனது; உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டினோம். மும்பையில் நடக்கும் சர்வதேசப் பட விழாவுக்கும், கேரளச் சலச்சித்திர அகாதமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் படங்களை அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. தேர்வானாலும் ஆகாவிட்டாலும், திருவனந்தபுரத்துக்கு இளைஞர்களை அழைத்துப்போய் நாள் முழுக்கப் படம் பார்க்க வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். காட்பாடியிலேயே ரயில் இருக்கிறது.

கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ வழியாக நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்புராஜும் வந்த பிறகு, குறும்படம் என்றாலே கோடம்பாக்கத்துக்கு நுழைவுச்சீட்டு என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் பலமாக இருக்கிறது. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் சினிமாவுக்குப் போகும் எண்ணமே இல்லாமல், தன் தெருவில் நடப்பதைப் பதிவு செய்ய நினைக்கும் தோல் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் நம் நிதியில் இடம் இருக்க வேண்டும். தேர்வுக்குழு இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ரயில் செலவைத் தவிர எதுவும் வாங்காமல் வந்துபோன வழிகாட்டிகளுக்கும், நன்கொடை தந்த கடைக்காரர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள் வைக்கிறேன். ஒன்று, ஒலிக்கான கால் பங்கு வரும் ஆண்டும் தொடர வேண்டும். இரண்டு, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, பூம் மைக் (நீளக் கோலில் மாட்டிப் பிடிப்பது) ஒன்று, லேப்பல் மைக் (சட்டையில் குத்திக்கொள்வது) இரண்டு ஆகியவற்றைச் சங்கமே வாங்க வேண்டும். இப்போது இவை எல்லாம் சென்னையிலிருந்து நாள் வாடகைக்கு வருகின்றன; மழை பெய்து படப்பிடிப்பு நின்றாலும் வாடகை நிற்பதில்லை. வாங்க என்ன செலவாகும் என்ற விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கோடு அதையும் அவர் இப்போது வாசிப்பார்.